ஏரி வாரியமும் இணைய வழங்கியும்

காஞ்சிபுரத்துக்குத் தெற்கே சில கிலோமீட்டர் தூரத்தில் ஐயங்கார்குளம் என்ற சிற்றூர் இருக்கிறது. ஊருக்குப் பெயர் கொடுத்ததே அங்குள்ள குளம்தான். பெயரில்தான் குளம், நேரில் பார்த்தால் ஏரி என்றே சொல்லத் தோன்றும். விஜயநகர காலத்தில் காஞ்சி வரதராசப் பெருமாள் கோயில் நிர்வாகத்தைப் பார்த்துவந்த லட்சுமி குமார தாத்தாச்சாரியார் அதை வெட்டுவித்தார் என்பார்கள். கரையில் சஞ்சீவிராயர் கோயிலும், சற்றுத் தள்ளி பூமிக்கடியில் மண்டபத்துடன் கூடிய நடவாவிக் கிணறும் இருக்கின்றன. ஆண்டுதோறும் சித்ரா பௌர்ணமிக்கு வரதர் இந்தக் கிணற்று மண்டபத்துக்கு எழுந்தருள்கிறார். அதற்காகக் கிணற்றுத் தண்ணீர் முழுவதையும் முன்கூட்டியே இறைத்து வெளியேற்றுவார்கள்.

குளத்தை வெட்டியவரின் பெயர் நானூறு ஆண்டுகளாக நிற்கிறது. ஒவ்வோர் ஆண்டும் தண்ணீர் இறைப்பவர், கரை உடையாமல் பார்ப்பவர், மதகைத் திறப்பவர் யார் என்று கேட்டால் பதில் கிடைக்காது. பொதுச் சொத்து எதுவானாலும் இதே கதைதான். உருவாக்குவது ஒருமுறை வேலை. காப்பாற்றுவது தினசரி வேலை. இந்த தினசரி வேலையை யார் செய்வது, எத்தனை நாள் செய்வது, சரியாகச் செய்யாவிட்டால் என்ன செய்வது என்று ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே எழுதி வைத்த ஊர் ஒன்று இதே வட்டாரத்தில் இருக்கிறது. அதுதான் உத்திரமேரூர்.

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழனின் 12-ம் மற்றும் 14-ம் ஆட்சியாண்டுக் கல்வெட்டுகள், அதாவது கி.பி. 919, 921-ம் ஆண்டுகளைச் சேர்ந்தவை, உள்ளன. கல்வெட்டறிஞர் வெங்கையா 1904-05-ம் ஆண்டுத் தொல்லியல் துறை அறிக்கையில் இவற்றை விரிவாக வெளியிட்டார். குடவோலை முறை என்று பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படித்திருப்போம். ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. தகுதியுள்ளவர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு, விவரம் அறியாத ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொன்னார்கள். பாடப்புத்தகம் பெரும்பாலும் இதோடு நின்றுவிடும். ஆனால் அந்தத் தேர்தல் எதற்காக நடந்தது? வாரியங்களுக்கு ஆள் எடுப்பதற்காக. சம்வத்சர வாரியத்துக்கு 12 பேர், தோட்ட வாரியத்துக்கு 12 பேர், ஏரி வாரியத்துக்கு 6 பேர். பஞ்சவார வாரியம், பொன் வாரியம் என்பவையும் உண்டு. (மின்சார வாரியம், குடிநீர் வாரியம் என்று இன்றும் நாம் சொல்வது இதே சொல்லைத்தான்.)

விதிகள் சுவாரஸ்யமானவை. பதவிக்காலம் 360 நாள். அது முடிந்ததும் விலகிவிட வேண்டும். கடந்த மூன்று ஆண்டுகளுக்குள் வாரியத்தில் இருந்தவர் பெயரைக் குடத்தில் இடக் கூடாது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவருக்கு மறுபடி இடமில்லை. அவருடைய நெருங்கிய உறவினருக்கும் இல்லை. இடையில் தவறு செய்தது தெரிந்தால் உடனே நீக்கம். 919-ல் போட்ட விதியில் வயது வரம்பு 30 முதல் 60 வரை. 921-ல் அதை 35 முதல் 70 என்று மாற்றினார்கள். இரண்டே ஆண்டில் விதியைத் திருத்தி மறுபடி கல்லில் வெட்டியிருக்கிறார்கள் என்றால், முதல் விதியில் ஏதோ ஓட்டை இருந்து யாரோ அதில் புகுந்திருக்க வேண்டும்!

இதை அப்படியே மக்களாட்சி என்று கொண்டாடவும் முடியாது. இது பிரமதேய ஊர். வரி செலுத்தும் கால் வேலிக்கு மேற்பட்ட நிலமும் சொந்த மனையில் வீடும் வேத அறிவும் உள்ள ஆண்களுக்கு மட்டுமே ஓலை. ஏரியில் இறங்கி மண் வெட்டியவர் பெயர் எந்தக் குடத்திலும் விழவில்லை. இருந்தாலும் பொதுப் பொறுப்பு சுழல வேண்டும், கணக்குக் காட்ட வேண்டும் என்ற இரண்டும் அந்தச் சபைக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது.

ஆயிரம் ஆண்டு தாண்டி, 1990-களில் தமிழர்கள் இணையத்தில் பொதுச் சொத்துகளை உருவாக்கத் தொடங்கியபோது இதே கேள்வி மறுபடியும் வந்தது. இந்த முறை ஏரிக்குப் பதில் சர்வர், தமிழில் வழங்கி.

வழங்கி என்பது இரவும் பகலும் அணையாமல் ஓடும் ஒரு கணினி. கேட்பவருக்கெல்லாம் தன்னிடம் உள்ள கோப்புகளை எடுத்துக் கொடுப்பது அதன் வேலை. சொந்தமாக வாங்கி வைப்பவர் குறைவு. பெரும்பாலோர் வாடகைக்கு எடுக்கிறார்கள். வாடகையைத் தவறாமல் கட்ட வேண்டும். முகவரிப் பெயரை உரிய காலத்தில் புதுப்பிக்க வேண்டும், மறந்தால் வேறு யாராவது வாங்கிக்கொள்வார்கள். மென்பொருளில் ஓட்டை கண்டுபிடிக்கப்படும்போதெல்லாம் திருத்தம் போட வேண்டும், இல்லையென்றால் திருடர்கள் புகுந்துவிடுவார்கள். வட்டு நிரம்பிவிடாமல் பார்க்க வேண்டும். எல்லாவற்றுக்கும் நகல் எடுத்து வேறு இடத்தில் வைக்க வேண்டும். அந்த நகலிலிருந்து மீட்க முடிகிறதா என்று அவ்வப்போது சோதிக்கவும் வேண்டும். இந்தக் கடைசி வேலையைத்தான் பலரும் செய்வதில்லை. நகல் இருக்கிறது என்று நிம்மதியாக இருந்துவிட்டு, தேவைப்படும் நாளில் திறந்தால் வெறும் கோப்பாக இருக்கும். சம்பளத்துக்குச் செய்தாலே சலிக்கும் இந்த வேலையை அலுவலகம் முடிந்து வந்து, இரவு பத்து மணிக்கு மேல் சும்மா செய்பவர்கள்தான் தன்னார்வலர்கள்.

தமிழில் இதற்கு நல்ல உதாரணம் மதுரைத் திட்டம். 1998-ம் ஆண்டு பொங்கல் நாளில் இது தொடங்கியது. சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் வேதியியல் ஆய்வாளராக இருந்த முனைவர் கு. கல்யாணசுந்தரம் தலைமை ஏற்றார். அமெரிக்காவில் இருந்த முனைவர் குமார் மல்லிகார்ஜுனன் துணை நின்றார். பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து இலவசமாகத் தருவது நோக்கம். அலுவலகம் கிடையாது, ஊழியர் கிடையாது. ஒரு நாட்டில் ஒருவர் தட்டச்சு செய்வார், வேறொரு நாட்டில் இன்னொருவர் பிழை திருத்துவார். பெரும்பாலோர் ஒருவரை ஒருவர் நேரில் பார்த்ததே இல்லை.

கோப்புகளை எங்கே வைப்பது? ஆஸ்திரேலியாவில் இருந்து பாலா பிள்ளை நடத்திவந்த தமிழ்.நெட் தளம் இடம் கொடுத்தது. அமெரிக்காவின் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழக முகவரியிலும் ஒரு பிரதி இருந்தது. பிறகு திட்டத்துக்கென்றே தனி முகவரி வந்தது. ஆக, ஒரே சரக்கு பல களஞ்சியங்களில். அது மட்டுமல்லாமல், ஒவ்வொரு கோப்பின் முகப்பிலும் ஓர் அறிவிப்பு இருக்கும்: இந்த முகப்பை நீக்காமல் வைத்திருந்தால் யார் வேண்டுமானாலும் கோப்பைப் பரப்பலாம். திட்டத்தின் ஆயுளுக்கு இந்த ஒரு வரி செய்த உதவியை எந்தச் சக்தி வாய்ந்த கணினியும் செய்திருக்க முடியாது. அந்த அனுமதியோடு நூல்கள் மற்ற தளங்களுக்கும் தனி மனிதர்களின் கணினிகளுக்கும் குறுந்தகடுகளுக்கும் போய்ச் சேர்ந்தன. ஒரு வழங்கி படுத்தாலும் நூல் சாகாது.

ஆனால் படுக்காத வழங்கியிலும் நூல் சாகக்கூடும் என்ற ஆபத்து வேறு பக்கமிருந்து வந்தது. அன்று தமிழ் எழுத்துருக்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு குறியீட்டில் இருந்தன. திட்டம் முதலில் பயன்படுத்திய மயிலை, இணைமதி எழுத்துருக்கள் உங்கள் கணினியில் இல்லையென்றால் திருக்குறளைத் திறந்தாலும் திரையில் தெரிவது வெறும் கிறுக்கல். இணையத்தில் கூடிய ஆர்வலர்களே பல மாதம் விவாதித்து டிஸ்கி என்ற பொதுக் குறியீட்டை உருவாக்கினார்கள். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டைத் தொடர்ந்து தமிழ்நாடு அரசு டாம், டாப் என்ற வேறு குறியீடுகளை ஏற்றது. பிறகு உலகளாவிய யூனிகோடு வந்து இவை எல்லாவற்றையும் ஓரங்கட்டியது.

ஒவ்வொரு மாற்றத்தின்போதும் இருந்த நூல்களையெல்லாம் புதிய குறியீட்டுக்கு மாற்ற வேண்டியிருந்தது. மாற்றி மென்பொருள்கள் இருந்தாலும் கண்ணால் பார்த்துத் திருத்த வேண்டியவை நிறைய. கொம்பு இடம் மாறும், ஒற்று காணாமல் போகும். ஏரிக்குத் தூர் வாருவது போன்ற வேலை இது. தொண்டை நாட்டில் ஏரிகளைப் பராமரிப்பதற்கென்றே ஏரிப்பட்டி என்று நிலம் ஒதுக்கும் வழக்கம் பல்லவர் காலத்திலிருந்தே உண்டு. மதுரைத் திட்டத்துக்கு அப்படிப் பட்டி நிலம் ஏதும் இல்லை. உழைப்பு மட்டும்தான் மூலதனம். அப்படியும் 500-க்கு மேற்பட்ட நூல்கள் இன்று யூனிகோடில் கிடைக்கின்றன. ஒவ்வொன்றின் முகப்பிலும் தட்டச்சு செய்தவர், மெய்ப்பு பார்த்தவர் பெயர்கள் இருக்கின்றன. ஏரியில் மண் சுமந்தவருக்குக் கிடைக்காத மரியாதை இங்கே கிடைத்திருக்கிறது.

எல்லோருக்கும் இந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. அந்தக் காலத்தில் பல தமிழ் ஆர்வலர்கள் தங்கள் பக்கங்களை ஜியோசிட்டீஸ் என்ற இலவச இடத்தில் வைத்திருந்தார்கள். யாகூ நிறுவனம் 1999-ல் வாங்கிய அந்தச் சேவை 2009 அக்டோபரில் மூடப்பட்டது. கவிதை, கட்டுரை, ஊர் வரலாறு, சமையல் குறிப்பு என்று ஆண்டுக்கணக்கில் சேர்த்தவை அந்தப் பக்கங்களோடு போயின. வெளியூர்க்காரர்களான ஒரு தன்னார்வக் குழு ஓடி ஓடி எடுத்து வைத்த நகல்களால் ஒரு பகுதி தப்பியது. பத்தாண்டு கழித்து மறுபடியும் அதே அனுபவம். மரத்தடி, ராயர் காப்பி கிளப், அகத்தியர் போன்ற தமிழ்க் குழுக்கள் உட்கார்ந்து பேசிய யாகூ குழுமங்களின் பழைய பதிவுகள் 2019 டிசம்பரில் நீக்கப்பட்டன. 2020 டிசம்பரில் சேவையே முடிந்தது. வாடகை இல்லாத இடத்தில் குடியிருப்பவருக்கு வீட்டுக்காரரைக் கேள்வி கேட்கும் உரிமையும் இல்லை. இலவசம் என்பதால் யாரும் வாரியம் அமைக்கவில்லை, அமைத்திருந்தாலும் சாவி அவர்கள் கையில் இல்லை.

இழப்பின் பொருளை நன்றாக அறிந்தவர்கள் ஈழத் தமிழர்கள். 1981 ஜூன் 1-ம் தேதி விடியும் முன் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. பலவற்றுக்கு வேறு பிரதியே கிடையாது. 2005-ல் தொடங்கிய நூலகம் திட்டம் ஈழத்து நூல்கள், இதழ்கள், பத்திரிகைகளைத் தேடி ஸ்கேன் செய்து இணையத்தில் சேர்த்துவருகிறது. விக்கிப்பீடியா ஓடும் அதே மீடியாவிக்கி மென்பொருளில்தான் அதுவும் ஓடுகிறது. தொடக்கத்தில் சில இளைஞர்களின் ஓய்வுநேர வேலையாக இருந்தது, பின்னர் முறையான நிறுவனமாகப் பதிவு செய்யப்பட்டது. இது சாதாரண மாற்றமில்லை. ஒருவருடைய கடன் அட்டையிலும் ஒருவருடைய கடவுச்சொல்லிலும் தொங்கிக்கொண்டிருக்கும் பொதுச் சொத்து, அந்த ஒருவருக்கு வேலை மாறினாலோ திருமணம் ஆனாலோ உடம்பு சரியில்லாமல் போனாலோ நின்றுவிடும். தமிழ் இணையத்தில் அப்படி நின்றுபோன தளங்கள் கொஞ்சமில்லை. அவை கெட்ட எண்ணத்தால் அழியவில்லை. சாவியை வாங்கிக்கொள்ள அடுத்த ஆள் இல்லை, அவ்வளவுதான்.

உள்ளூருக்கு வருவோம். சென்னை லினக்ஸ் பயனர் குழு என்ற தன்னார்வக் குழுவினர் மாதந்தோறும் இரண்டாவது சனிக்கிழமை சென்னை ஐ.ஐ.டி.யின் விண்வெளிப் பொறியியல் துறையில் கூடிவந்தார்கள். அவர்களுடைய மின்னஞ்சல் குழுவும் பல்லாண்டு அந்தத் துறையின் வழங்கியிலேயே இயங்கியது. விமானம் பற்றிப் படிக்கும் துறைக்கும் லினக்ஸ் சந்தேகங்களுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கக் கூடாது. இடம் கொடுக்கும் மனம் யாரிடம் இருந்ததோ அங்கே இருந்தது! அந்தக் குழுவைப் போலவே காஞ்சிபுரத்திலும் காஞ்சி லினக்ஸ் பயனர் குழு உருவானது.

அதில் இயங்கும் த. சீனிவாசனும் நண்பர்களும் 2012-ல் கணியம் என்ற மின்னிதழைத் தொடங்கினார்கள். கட்டற்ற மென்பொருள் பற்றித் தமிழில் எழுதுவது அதன் வேலை. 2013-ல் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இலவச மின்னூல்கள் தரும் தளம் வந்தது. ஊருக்கு ஊர் ஆள் சேர்ந்து அட்டைப்படம் செய்தார்கள், மின்னூலாக்கினார்கள். எழுத்தாளர்களைக் கேட்டு அனுமதி வாங்கினார்கள். பின்னர் கணியம் அறக்கட்டளை அமைந்தது. இந்த அறக்கட்டளை தன் வரவு செலவை வெளிப்படையாக இணையத்தில் போடுகிறது. நன்கொடை எவ்வளவு வந்தது, வழங்கி வாடகைக்கு எவ்வளவு போனது என்று யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். உத்திரமேரூர்ச் சபையார் பார்த்திருந்தால் இவர்கள் பெயரைத் தயங்காமல் குடத்தில் இட்டிருப்பார்கள்.

360 நாள் விதிதான் இங்கே இன்னும் வரவில்லை. உத்திரமேரூரில் வாரியத்துக்கு வரத் தகுதியுள்ளவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள்; அதனால் சுற்றுமுறை வைக்க முடிந்தது. இணையத் தன்னார்வக் குழுக்களில் படிப்பவர் ஆயிரம், எழுதுபவர் நூறு என்றால் வழங்கியின் சாவியைத் தொடத் தெரிந்தவர் இரண்டு மூன்று பேர். தெரிந்தவர்களே ஆண்டுக்கணக்கில் தூக்கிச் சுமக்கிறார்கள். விலக நினைத்தாலும் ஆள் கிடைப்பதில்லை. அதனால்தான் காஞ்சிக் குழு வாராந்திரச் சந்திப்பை ஜிட்சி என்ற கட்டற்ற மென்பொருள் வழியாக எல்லோருக்கும் திறந்து வைத்திருக்கிறது. கல்லூரி மாணவர்களும் வந்து உட்காரலாம். லினக்ஸ் நிறுவுவதில் தொடங்கி, கட்டளைகள் பழகி, ஒரு நாள் அவர்களில் ஒருவர் வழங்கிக்குள் நுழையும் கடவுச்சொல்லை வாங்கிக்கொள்கிற அளவுக்கு வர வேண்டும் என்பது எதிர்பார்ப்பு.