கைலி நூலும் கப்பல் கயிறும்

இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தில் பல குடும்பங்களுக்குச் சோறு போடுவது நூல். 1936-ல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா இராஜபாளையம் மில்ஸைத் தொடங்கினார். பக்கத்துச் சத்திரப்பட்டியில் பருத்தி நூலை இடைவெளிவிட்டு நெய்து பேண்டேஜ் துணியாக்குகிறார்கள். அரபியில் பருத்தி 'குத்ன்'. ஆங்கிலக் 'காட்டன்' அதிலிருந்து வந்ததுதான்.

கைலி வாங்கும்போது 60, 80 என்று கடைக்காரர் சொல்வது நூலின் கவுண்ட். 840 கெஜச் சிட்டங்கள் எத்தனை சேர்ந்தால் ஒரு பவுண்டு எடையோ, அதுவே அந்த எண். எண் கூடினால் நூல் மெலியும். நாம் கொடுக்கும் விலையும் கூடும்.

கப்பலின் பாய்க்குப் பருத்தித் துணி போதும். பலகைகளைத் தைக்கவோ, உப்புநீரில் எளிதில் மட்காத தென்னைநார்க் கயிறு வேண்டும். 14-ஆம் நூற்றாண்டில் மாலத்தீவில் காஜியாக இருந்த இப்னு பதூதா இதற்குக் காரணமும் எழுதியிருக்கிறார்: ஆணி அடித்த கப்பல் பாறையில் மோதினால் உடையும், கயிற்றால் தைத்தது வளைந்து கொடுக்கும்.