முதிர்ச்சியை அளந்தவர்கள்: அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தும் ஒரு சொல்லின் வரலாறும்

1965 நவம்பர் 27 அன்று, லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் (யு.சி.எல்.ஏ.) புதிய அரங்கில் விநோதமான ஆட்டமொன்று நடைபெற்றது. ஒருபுறம் 1964, 1965 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் தேசியப் பட்டம் வென்றிருந்த முதன்மை அணி. மறுபுறம் அதே பல்கலைக்கழகத்தின் முதலாண்டு மாணவர் அணி. முதலாண்டு மாணவர்கள் 75–60 என வென்றனர். பதினெட்டு வயது லூ அல்சிண்டர் 31 புள்ளிகளும் 21 ரீபவுண்டுகளும் எடுத்தார். பின்னாளில் கரீம் அப்துல்-ஜப்பார் என்று உலகம் அறிந்தவர் அவர்தான்.

ஆயினும் அந்தப் பருவம் முழுவதும் அவர் முதன்மை அணிக்காக ஒரு நிமிடம்கூட ஆடவில்லை. முதலாண்டு மாணவர் முதன்மை அணியில் ஆடக்கூடாது என்பது அன்றைய விதி. படிப்பிலும் வளாக வாழ்விலும் காலூன்ற ஓராண்டு தேவை என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். வென்றவர்கள் வெளியே அமர்ந்திருக்க, தோற்றவர்கள் பல்கலைக்கழகத்தின் பெயரால் ஆடினர். அந்த ஆண்டு அவ்வணி தேசியப் போட்டித் தொடருக்குத் தகுதி பெறவில்லை. 1972–73 பருவத்தில்தான் இவ்விதி கூடைப்பந்தில் நீங்கியது.

கல்லூரி ஆட்டக்காரரை எடைபோடுவோர் மூன்று சொற்களைத் தொடர்ந்து பயன்படுத்தி வந்துள்ளனர்: இயல்பாற்றல், திறன், முதிர்ச்சி. முதலிரண்டையும் ஆடுகளத்தில் ஓரளவு காணலாம். உயரம், தாவல், வேகம் ஆகியவை இயல்பாற்றலின் அடையாளங்கள். எறிதல், பந்தைக் கடத்துதல், தடுத்தல் ஆகியவை திறனின் அடையாளங்கள். மூன்றாவது அவ்வாறு கண்ணுக்குப் புலப்படுவதன்று. உடல் வளர்ச்சி, ஆட்ட அறிவு, குணம், வயது என நான்கு வேறுபட்ட பொருள்களை அது ஒரே நேரத்தில் சுமந்து நிற்கிறது. பொருள் நெகிழ்ந்த சொல் அதிகாரத்துக்கு வசதியானது. கல்லூரிக் கூடைப்பந்தின் வரலாற்றில் மிகக் கடுமையான வழக்குகள் இச்சொல்லைச் சுற்றி எழுந்தது தற்செயலன்று.

1946-இல் தொழில்முறைக் கூடைப்பந்துக் கூட்டமைப்பு உருவானபோது அதன் நிறுவனர்களில் பலர் பெருநகர அரங்குகளின் உரிமையாளர்கள். அன்று மக்கள் திரண்டது கல்லூரி ஆட்டங்களுக்கே. ஆகவே கல்லூரிகளைப் பகைத்துக்கொள்ளாமல் அவற்றின் புகழைப் பயன்படுத்திக்கொள்வது புதிய அமைப்புக்கு அவசியமாயிற்று. 1947 முதல் ஆண்டுதோறும் கல்லூரி ஆட்டக்காரரை அணிகள் முறைவைத்துத் தெரிவுசெய்யும் டிராஃப்ட் நடைமுறைக்கு வந்தது. தன் வட்டாரக் கல்லூரியின் நட்சத்திரத்தை உள்ளூர் அணி முன்னுரிமையோடு எடுத்துக்கொள்ளும் ஏற்பாடும் 1965 வரை நீடித்தது. உயர்நிலைப் பள்ளிப் படிப்பை முடித்து நான்கு ஆண்டுகள் ஆகாதவரைச் சேர்ப்பதில்லை என்ற விதி இவ்வுறவின் முதுகெலும்பு. கல்லூரிக்கு நான்காண்டு ஆட்டம் உறுதியாயிற்று. தொழில்முறை அணிக்குச் செலவின்றிப் பயிற்சி பெற்ற, பெயரெடுத்த ஆள் கிடைத்தார். ஆட்டக்காரருக்குக் கிடைத்தது காத்திருப்பு. வில்ட் சேம்பர்லின் 1958-இல் கான்சாஸ் பல்கலைக்கழகத்தை விட்டு ஓராண்டு முன்னதாக வெளியேறியபோது, அந்த ஓராண்டை ஹார்லெம் குளோப்டிராட்டர்ஸ் என்ற காட்சியாட்டக் குழுவில் கழிக்க நேர்ந்தது. மறு ஆண்டு என்.பி.ஏ.வில் நுழைந்தவர், முதல் பருவத்திலேயே ஆட்டத்துக்குச் சராசரி 37.6 புள்ளிகள் எடுத்து, சிறந்த புதுமுகம், மிக மதிப்புமிக்க ஆட்டக்காரர் என்ற இரு விருதுகளையும் பெற்றார்.

இவ்விதியை உடைத்தவர் ஸ்பென்சர் ஹேவுட். மிசிசிப்பியின் சில்வர் சிட்டியில் பிறந்து, சிறுவயதில் பருத்திக் காட்டில் உழைத்தவர். 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில், பத்தொன்பது வயதில், தங்கம் வென்ற அமெரிக்க அணிக்காக அதிகப் புள்ளிகள் எடுத்தவரும் அவரே. டெட்ராய்ட் பல்கலைக்கழகத்தில் ஒரு பருவம் ஆடியபின், போட்டி அமைப்பான ஏ.பி.ஏ.வுக்குச் சென்று, முதல் ஆண்டிலேயே ஆட்டத்துக்கு 30 புள்ளிகள் என்ற சராசரியோடு அங்கும் இரு பெரும் விருதுகளைப் பெற்றார். 1970 இறுதியில் சியாட்டில் அணி அவரை ஒப்பந்தம் செய்தபோது, நான்கு ஆண்டுகள் நிறையவில்லை என்று என்.பி.ஏ. மறுத்தது. எதிரணிகளின் அரங்குகளில் ஒலிபெருக்கியில் தம்மைச் சட்டவிரோத ஆட்டக்காரர் என்று அறிவித்ததை அவர் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். 1971 மார்ச் 1 அன்று உச்ச நீதிமன்ற நீதியரசர் வில்லியம் டக்ளஸ், ஹேவுட் தொடர்ந்து ஆடலாம் என்ற கீழ்நீதிமன்ற உத்தரவை மீண்டும் நடைமுறைக்குக் கொண்டுவந்தார். அதே மாதம் மாவட்ட நீதிமன்றம் இவ்விதி வணிகப் போட்டியைத் தடுப்பது என்று கண்டது. கல்லூரிக்குச் செல்ல விரும்பாதவருக்கோ இயலாதவருக்கோ அதில் விலக்கு ஏதும் இல்லை என்பதையும் சுட்டியது.

இதன் விளைவாக வந்த மாற்று ஏற்பாடு மேலும் கவனிக்கத்தக்கது. பொருளாதார நெருக்கடியை மெய்ப்பிப்பவர் முன்னதாகவே நுழையலாம் என்றது புதிய விதி. முதிர்ச்சியை மெய்ப்பிக்கச் சொன்ன அமைப்பு, இப்போது வறுமையை மெய்ப்பிக்கச் சொன்னது. 1976-இல் அந்த நிபந்தனையும் நீக்கப்பட்டது.

1995-இல் கெவின் கார்னெட் பள்ளியிலிருந்து நேரே என்.பி.ஏ.வுக்கு வந்தார், அடுத்த ஆண்டு கோபி பிரையன்ட், 2003-இல் லெப்ரான் ஜேம்ஸ். இடையில் 2001-இல், பள்ளியிலிருந்து நேரே முதலிடத்தில் தெரிவான முதல் ஆட்டக்காரர் குவாமே பிரவுன் எதிர்பார்ப்பை எட்டவில்லை. இளையோர் பக்குவப்படவில்லை என்ற வாதத்துக்கு அவர் பெயர் நிரந்தர எடுத்துக்காட்டாயிற்று. நான்காண்டு கல்லூரியில் இருந்தும் சோபிக்காதவர்களின் பெயர்கள் எந்த வாதத்துக்கும் எடுத்துக்காட்டாகவில்லை. 2005-ஆம் ஆண்டு ஒப்பந்தம் குறைந்தபட்ச வயதை 19 ஆக்கி, பள்ளி முடித்து ஓராண்டு கழியவேண்டும் என்றது. ஓராண்டு மட்டும் கல்லூரியில் ஆடிவிட்டு வெளியேறும் வழக்கம் அதிலிருந்து பிறந்தது. அமெரிக்கப் பெண்களுக்கான தொழில்முறைக் கூட்டமைப்போ நீண்ட காலமாக 22 வயதை எல்லையாக வைத்திருந்தது. ஒரே விளையாட்டு, ஒரே நாடு. முதிர்ச்சிக்கு மட்டும் இரு வயதுகள்.

விதிகளோடு அளவுக் கருவிகளும் பெருகின. 2007-இல் தெரிவுக்கு முந்தைய உடற்தகுதிச் சோதனையில், 185 பவுண்டு எடையைக் கெவின் டுரான்ட்டால் ஒருமுறைகூடத் தூக்க முடியவில்லை. அவ்வாண்டு முதலிடம் கிரெக் ஓடனுக்கும், இரண்டாமிடம் டுரான்ட்டுக்கும் போயிற்று. காயங்களால் ஓடன் மொத்தம் 105 ஆட்டங்களே ஆடினார். டுரான்ட் அவர் காலத்தின் தலைசிறந்தோரில் ஒருவரானார். டேவிட்சன் என்ற சிறு கல்லூரியில் மூன்றாண்டு ஆடிய ஸ்டீஃபன் கரி 2009-இல் ஏழாமிடத்தில்தான் தெரிவானார். காயத்தை முன்கூட்டிக் காண எவராலும் இயலாது. ஆயினும் எளிதில் அளக்கக்கூடியதையே முக்கியமானதாகக் கருதும் பழக்கம் இங்கு வெளிப்படையாகத் தெரிகிறது.

அளக்க முடியாத இடத்தை மொழி நிரப்பியது. கல்லூரிக் கூடைப்பந்து வருணனைகளை ஆராய்ந்து சூசன் ஈஸ்ட்மனும் ஆண்ட்ரூ பில்லிங்ஸும் 2001-இல் வெளியிட்ட ஆய்வு, கறுப்பின ஆட்டக்காரரை உடல் ஆற்றலாலும் வெள்ளையரை உழைப்பு, அறிவு ஆகியவற்றாலும் புகழும் போக்கைப் பதிவுசெய்தது. இரண்டும் புகழ்மொழிகளே. ஆனால் முன்னது பிறப்பில் வந்த கொடையாகவும், பின்னது ஈட்டிய பண்பாகவும் ஒலிக்கிறது. முதிர்ச்சி யாருடைய பெயரோடு இயல்பாக ஒட்டிக்கொள்ளும் என்பதை இந்தச் சொல்வழக்கே முன்கூட்டித் தீர்மானித்துவிடுகிறது.

ஹூஸ்டன் அணியின் பொது மேலாளராக இருந்த டேரில் மோரி இதனை வேறொரு வழியில் உணர்ந்தார். ஹார்வர்டில் நான்காண்டு ஆடிய ஜெரமி லின்னை 2010-இல் எந்த அணியும் தெரிவுசெய்யவில்லை. மோரியின் புள்ளியியல் மாதிரி லின்னை உயர்வாகவே மதிப்பிட்டிருந்தது. மனிதக் கண்களோ அவரை உடல் ஆற்றல் குறைந்தவராகக் கண்டன. 2012 பிப்ரவரியில் நியூயார்க் அணிக்காக அவர் ஒளிர்ந்தார். முதல் அடியின் வேகத்தில் அவர் முன்னணியில் இருந்தது அளவீடுகளில் தெரிந்தது. ஆசிய வம்சாவளித் தோற்றமே பார்வையை மறைத்தது என்று மோரி ஒப்புக்கொண்டதை, மைக்கேல் லூயிஸ் 2016-இல் வெளியான தம் நூலில் பதிவுசெய்துள்ளார். பின்னர் தம் அலுவலகத்தில் ஒரு விதி வகுத்தார் மோரி: ஓர் ஆட்டக்காரரை அவருடைய இனத்தைச் சேர்ந்த இன்னொருவரோடு ஒப்பிடக்கூடாது, வேறு இனத்தவரோடு மட்டுமே ஒப்பிடலாம். அவ்வாறு கட்டுப்படுத்தியதும், எளிதாகத் தோன்றிய பல ஒப்புமைகள் இல்லாமற்போயின. சொல்லைத் திருத்தியபோதுதான் பார்வையின் பிழை புலப்பட்டது.

2015-இல் ஹேவுட்டின் பெயர் கூடைப்பந்துப் புகழ் மண்டபத்தில் சேர்க்கப்பட்டது. நீதிமன்றத்தை நாடி நாற்பத்து நான்கு ஆண்டுகள் கழிந்திருந்தன. இருபத்தொரு வயதில், தம் முதிர்ச்சியைத் தீர்மானிக்கும் உரிமை அதனால் ஆதாயம் பெறுவோருக்கு இருக்கலாமா என்ற கேள்வியை அவர் எழுப்பினார். மாணவரை எடைபோடும் எந்த நிறுவனத்துக்கும் அக்கேள்வி பொருந்தும். ‘இன்னும் பக்குவம் போதாது’ என்று நேர்காணல் அறையிலும் பரிந்துரைக் கடிதத்திலும் எழுதுவோர், அந்தத் தாமதத்தின் விலையைச் செலுத்துபவர் யார் என்பதையும் உடன் எழுதவேண்டியவர்களே.