தன் கையே தனக்கு

சிறுநீர்ப்பைப் புற்றுநோய் தசைக்குள் இறங்கிவிட்டால், பையை முழுதாக எடுத்துவிடுவதுதான் பெரும்பாலும் வழி. எடுத்த பிறகு ஒருவர் துணையின்றித் தன் வீட்டில் காலம் தள்ள முடியுமா? இன்று இந்தக் கேள்விக்கு முடியும் என்று பதில் சொல்கிறோம். அந்தப் பதிலைச் சாத்தியமாக்கியவர்கள் என்று மருத்துவ வரலாறு அறுவை நிபுணர்களின் பெயர்களை அடுக்கும். அவர்கள் பெருமையில் குறையில்லை. ஆனால் தனியாக வாழும் நோயாளியை மனத்தில் வைத்து அதே வரலாற்றைப் படித்தால், பாதிக் கதை பிசினிலும் ரப்பர்ப் பையிலும் அவற்றை ஒட்டக் கற்றுக்கொடுத்தவர்களிடமும் இருக்கிறது.

1887இல் ஜெர்மனியின் கொலோன் நகரில் பார்டன்ஹாயர் முதன்முதலாகச் சிறுநீர்ப்பையை முழுதாக அகற்றினார். சிறுநீரகத்திலிருந்து இறங்கும் இரண்டு குழாய்களையும் எங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது என்பதற்கு வழி கிடைக்கவில்லை. நோயாளி இரண்டு வாரத்தில் இறந்துபோனார். பையை வெட்டுவதைவிட, வெட்டியபின் சிறுநீரை எங்கே விடுவது என்பதே பெரிய சிக்கல் என்று அப்போதே தெரிந்துவிட்டது. பிறகு நெடுங்காலம் அந்தக் குழாய்களைப் பெருங்குடலில் இணைத்தார்கள். உடம்புக்கு வெளியே எதுவும் தெரியாது என்பது அதன் கவர்ச்சி. ஆனால் மலக்கிருமி சிறுநீரகத்துக்கு ஏறியது, குடல் சிறுநீரின் உப்பை மறுபடி உறிஞ்சியதால் இரத்தத்தில் அமிலம் கூடியது. 1950இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகர மருத்துவர் யூஜின் பிரிக்கர் வேறொரு வழியை விவரித்தார். சிறுகுடலில் ஒரு துண்டைப் பிரித்தெடுத்து, இரு குழாய்களையும் அதில் இணைத்து, அதன் மறுமுனையை வயிற்றின் மேல் ஒரு வாயாகத் திறந்துவிட்டார். ஸ்டோமா என்பது அந்த வாய்தான். இன்றுவரை பெருவழக்கில் இருப்பது இந்த முறையே.

இதையொத்த யோசனையை 1935லேயே ஜெர்மனியில் சைஃபர்ட் வெளியிட்டிருந்தார். அன்று பரவாதது பதினைந்து ஆண்டு கழித்து ஏன் பரவியது? பெனிசிலினும் இரத்த வங்கியும் இடையில் வந்தன என்பார்கள். உண்மைதான்; அவை இல்லாமல் நோயாளி ஆபரேஷன் மேசையைத் தாண்டியிருக்க மாட்டார். ஆனால் அவை அவரை மருத்துவமனை வாசல்வரைதான் கொண்டுவந்து விடும். ஸ்டோமாவில் சிறுநீர் நிற்காமல் சொட்டும். அடக்கும் தசை அங்கே கிடையாது. அதைத் தாங்கும் பை ஒழுகினால் துணி நனையும், தோல் வெந்துபோகும், ஆள் வீட்டைவிட்டு வெளியே வரமாட்டார். அந்த இடைவெளியில்தான், 1940களில், குடல் ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்காகச் சிக்காகோவில் தோலோடு பசையிட்டு ஒட்டும் ரப்பர்ப் பை வந்தது. அதை வடிவமைத்த கேனிக் அந்த ஆபரேஷனுக்குத் தாமும் உள்ளான வேதியியல் மாணவர். பிரிக்கரின் முறைக்குக் காத்திருந்ததுபோல் அது பொருந்திற்று. கிளீவ்லாந்தில் ரூப்பர்ட் டர்ன்புல் இந்தியக் காட்டு மரங்களில் வடியும் கராயாப் பிசினைத் தோல் காக்கும் மருந்தாக்கினார். டென்மார்க்கில் எலிஸே சோரன்சன் என்ற செவிலியர், ஆபரேஷனுக்குப் பின் வெளியே செல்லவே அஞ்சிய தன் தங்கைக்காக, ஒட்டிப் பயன்படுத்தி எறிந்துவிடும் பையை 1954இல் யோசித்தார்.

பை மட்டும் போதாது, அதைப் பழக்க ஆள் வேண்டும். டர்ன்புல் தாம் ஆபரேஷன் செய்த நோர்மா கில் என்ற பெண்ணையே 1958இல் அந்த வேலைக்கு அமர்த்தினார். அவர் நர்ஸ் அல்ல. வயிற்றில் ஸ்டோமாவோடு வாழத் தெரிந்தவர். 1961இல் அங்கே இதற்கென்றே பயிற்சி தொடங்கியது. இந்தத் தொழில் தந்த மிகச் சிறந்த பழக்கம், ஆபரேஷனுக்கு முன்பே ஸ்டோமாவின் இடத்தைக் குறிப்பது என்பேன். நோயாளியைப் படுக்கவைத்து, உட்காரவைத்து, நிற்கவைத்து, குனியச் சொல்லி வயிற்று மடிப்பையும் பெல்ட் கட்டும் இடத்தையும் பார்ப்பார்கள். கடைசியில் அவர் கண்ணுக்குத் தெரிகிற, அவர் கைக்கு எட்டுகிற இடத்தில் மையால் புள்ளி வைப்பார்கள். இன்னொருவர் கண்ணுக்குத் தெரிந்தால் போதும் என்று அங்கே யாரும் நினைக்கவில்லை.

குடலாலேயே உள்ளே புதுப் பை கட்டும் முறை 1980களில் வளர்ந்துவிட்டதே, வெளிப்பை பழங்கதைதானே என்று கேட்கலாம். உருவம் மாறாமல் இருப்பது பலருக்குப் பெரிய ஆறுதல். ஆனால் உட்பை வைத்தவர் தொடக்க மாதங்களில் இரவிலும் அலாரம் வைத்து எழுந்து அதைக் காலி செய்ய வேண்டும். சளி அடைத்தால் தானே குழாய் செருகிக் கழுவ வேண்டும். வெளிப்பைக்காரரோ இரவில் அதைக் கட்டிலோரப் பெரிய பையோடு இணைத்துவிட்டு விடியும்வரை தூங்கலாம். கை நடுங்கும் முதியவர் தனியாக இருந்தால் பழைய முறையே அவருக்கு ஏற்றதாக இருக்கலாம்.

நம் ஊரில் பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்களே, இந்தக் கவலை எதற்கு என்ற மறுப்பும் உண்டு. குடும்பத்தின் துணையை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் பை மாற்றுவதை மகளுக்கோ மருமகளுக்கோ மட்டும் சொல்லிக்கொடுத்து அனுப்பினால், அவர்கள் வேலைக்குத் திரும்பும் நாளில் நோயாளி தன் உடம்புக்கே அந்நியராகிவிடுகிறார். மும்பை டாடா நினைவு மருத்துவமனை ஸ்டோமா பராமரிப்புக்கென்றே பயிற்சி நடத்துகிறது. அப்படிப் பயின்றவர்கள் ஒவ்வொரு புற்றுநோய் வார்டுக்கும் வேண்டும். காலையில் தண்ணீர் குடிக்கும் முன், சொட்டு குறைந்திருக்கும் நேரத்தில், நோயாளி தானே பழைய பையைக் கழற்றித் தோலைத் துடைத்துப் புதியதை ஒட்டிக்காட்டிய பிறகே டிஸ்சார்ஜ் சீட்டு எழுதப்பட வேண்டும்.