கைவிலங்கும் கைத்தாங்கலும்: வளாக நெருக்கடிக் குழுக்களின் முன்வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் ‘நடமாடும் மனநல நெருக்கடிக் குழு’ என்றொரு ஏற்பாடு பரவி வருகிறது. விடுதியில் ஒரு மாணவர் ‘செத்துப்போறேன்’ என்று கதவைச் சாத்திக்கொண்டால் போலீஸுக்குப் பதிலாக இவர்கள் போவார்கள். சீருடை கிடையாது, துப்பாக்கி கிடையாது. 2020இல் ஜார்ஜ் ஃப்ளாய்ட் கொல்லப்பட்ட பிறகு எழுந்த போராட்டங்களின் விளைவு என்று இதைச் சொல்கிறார்கள். பாதி உண்மை. இந்தக் குழுவுக்குத் தலைமை ஏற்பவர் யாருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் என்ற கேள்வி அறுபது வருடம் பழையது. அந்தப் பழைய கணக்கைத் தீர்க்காமலேயே புது வேன் ஓடிக்கொண்டிருக்கிறது என்பதே என் வாதம்.

1

1966 ஆகஸ்ட் 1. டெக்சாஸ் பல்கலைக்கழகக் கோபுரத்தின் மேல் ஏறிய மாணவர் ஒருவர் கீழே நடந்துபோனவர்களைச் சுட்டுக்கொன்றார். அதே வருடம் மார்ச்சில் அவர் வளாக மனநல மருத்துவரிடம் போயிருக்கிறார். கோபுரத்தில் ஏறிச் சுடத் தோன்றுகிறது என்று அவர் சொன்னது மருத்துவரின் குறிப்பிலும் பதிவாகியிருக்கிறது. அடுத்த வாரம் வரச்சொன்னார்கள். அவர் திரும்ப வரவில்லை.

இந்தச் சாவுகளிலிருந்து இரண்டு பாடங்களைப் படித்திருக்க முடியும். வராமல் போன ஆளைத் தேடிப்போக மருத்துவத்துக்குக் கால் வேண்டும் என்பது ஒன்று. வளாகத்துக்குத் துப்பாக்கி வேண்டும் என்பது இன்னொன்று. இரண்டாவது பாடமே சட்டமானது. 1967இல் டெக்சாஸ் சட்டமன்றம் அரசுப் பல்கலைக்கழகங்கள் தமக்கென்று போலீஸ் வைத்துக்கொள்ள அதிகாரம் தந்தது. போர் எதிர்ப்பு, கறுப்பின மாணவர் எழுச்சி என்று வளாகங்கள் கொதித்துக்கொண்டிருந்த காலம் அது. பைத்தியக்காரனுக்காக வந்த போலீஸ் கலகக்காரனுக்கும் உதவியது.

2

1969இல் கலிஃபோர்னியாவின் பெர்க்கிலியில் நடந்தது இன்னும் சிக்கலானது. வங்காளத்திலிருந்து படிக்க வந்த மாணவர் ஒருவர். தீண்டத்தகாததாக ஒதுக்கப்பட்ட சாதியில் பிறந்தவர் என்று அவரைப் பற்றி எழுதியவர்கள் குறிப்பிடுகிறார்கள். தன் காதலை ஏற்காத ஒரு பெண்ணைக் கொல்லப்போவதாக வளாக உளவியலாளரிடம் சொன்னார். உளவியலாளர் வளாகப் போலீஸுக்கு எழுதினார். போலீஸ் அந்த மாணவரைப் பிடித்து விசாரித்தது. தெளிவாகத்தான் பேசுகிறார் என்று விட்டுவிட்டது. மனநலப் பிரிவின் தலைவரோ மேல்நடவடிக்கை வேண்டாம் என்றார். அக்டோபர் 27 அன்று அந்தப் பெண் கொல்லப்பட்டாள். அவளிடமோ பெற்றோரிடமோ ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை.

டாரசாஃப் வழக்கு என்று சட்டப் புத்தகங்கள் இதைச் சொல்கின்றன. 1974இலும் மறுவிசாரணைக்குப் பின் 1976இலும் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது: ஆபத்திலிருக்கும் மூன்றாவது நபரைக் காக்கும் கடமை சிகிச்சை தருபவருக்கு உண்டு. தேவையான தீர்ப்பு என்றே நினைக்கிறேன். செத்தவளின் பக்கமிருந்து பார்த்தால் வேறு எதையும் சொல்ல முடியாது. ஆனால் 1976 தீர்ப்பின் மற்றொரு பகுதி அதிகம் பேசப்படுவதில்லை. பிடித்து, விசாரித்து, விட்ட போலீஸ் பொறுப்பிலிருந்து விடுவிக்கப்பட்டது. கேட்டவருக்குக் கடமை, பிடித்தவருக்கு இல்லை. அன்றிலிருந்து மாணவரின் முன் உட்காரும் மனநலப் பணியாளர் ஒரு காதால் வேதனையைக் கேட்கிறார், இன்னொரு காதால் வழக்கைக் கேட்கிறார்.

3

அதிகாரம் எங்கே இருக்கிறது என்று தேடுகிறவர்கள் பெரிய இடங்களைத்தான் பார்க்கிறார்கள். நான் ஒரு கையெழுத்தைப் பார்க்கச் சொல்வேன். கலிஃபோர்னியாவில் 1967இல் இயற்றப்பட்ட ஒரு சட்டத்தின் 5150ஆம் பிரிவின்படி, தனக்கோ பிறருக்கோ ஆபத்தானவர் எனப்படும் ஒருவரை 72 மணி நேரம் வரை அவர் சம்மதமின்றி நிறுத்திவைக்கலாம். காலவரையற்ற அடைப்புக்கு முடிவு கட்ட வந்த சீர்திருத்தச் சட்டம்தான் இது. ஆனால் யார் கையெழுத்துப் போடலாம்? போலீஸ்காரருக்கு அந்த உரிமை அவர் பதவியோடு வருகிறது. மனநலப் பணியாளருக்கோ கவுண்டி நிர்வாகம் தனியாக அங்கீகாரம் கொடுத்தால்தான் உண்டு.

அங்கீகாரம் இல்லாத குழுத்தலைவர் பேச்சு முறிந்த இடத்தில் போலீஸைக் கூப்பிட்டாக வேண்டும். அங்கீகாரம் உள்ளவர் ஆளைப் பிடிக்கும் அதிகாரத்தைத் தன் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு ‘சும்மா பேசத்தான் வந்தோம்’ என்று சொல்ல வேண்டும். மாணவர்களுக்கு இது தெரியாமலில்லை. நவீனத்தில் மருத்துவனின் சொல்லே சங்கிலியின் வேலையைச் செய்கிறது என்று பூக்கோவைப் படித்து நாம் பேசியிருக்கிறோம். இங்கே சங்கிலியும் போகவில்லை. பக்கத்து வண்டியில் காத்திருக்கிறது.

4

மாற்றே இல்லையா? இருந்தது. ஒரேகான் மாநிலத்தின் யூஜீன் பல்கலைக்கழக நகரம். அறுபதுகளின் இறுதியில் எதிர்க்கலாச்சார இளைஞர்களுக்காக அங்கே உருவான ஒயிட் பேர்ட் கிளினிக், கூடிப் பேசி முடிவெடுக்கும் ஒரு கூட்டமைப்பு. 1989இல் அது ‘கஹூட்ஸ்’ என்ற வேன் சேவையைத் தொடங்கியது. ஒரு செவிலியரோ முதலுதவியாளரோ, கூட ஒரு நெருக்கடிப் பணியாளர், ஆயுதம் இல்லை. அந்த ஆங்கிலச் சொல்லுக்குக் கூட்டுக்களவாணித்தனம் என்று பொருள். ‘போலீஸோட கூட்டு சேர்ந்தாச்சு’ என்று தங்களைத் தாங்களே கேலி செய்து வைத்துக்கொண்ட பெயர்.

கேலி பலித்தது என்றும் சொல்லலாம். அழைப்புகள் நகரத்தின் அவசரத் தொலைபேசி மையம் வழியாக வந்தன. பணம் நெடுங்காலம் போலீஸ் துறை வழியாக வந்தது. 2019இல் வந்த ஏறத்தாழ 24,000 அழைப்புகளில் போலீஸ் துணை கேட்டவை சுமார் 150தான் என்றது கிளினிக். போலீஸின் பளுவில் ஐந்தில் ஒரு பங்கு வரை தாங்கள் சுமப்பதாகவும் சொன்னது. போலீஸ் துறை தன் கணக்கில் அதை 5 முதல் 8 சதவீதமாகக் குறைத்தது. போலீஸ் செய்திருக்கவே மாட்டாத வேலையை எந்தக் கணக்கில் எழுதுவது என்பதே தகராறு. குளிரில் உட்கார்ந்திருப்பவனுக்குப் போர்வை கொடுப்பது போலீஸ் வேலையாக இருந்ததே இல்லை. ஆகவே அது மிச்சமாகவும் கணக்கில் ஏறாது.

அதே ஊரில்தான் ஒரேகான் பல்கலைக்கழகம் இருக்கிறது. அரசுப் பல்கலைக்கழகங்கள் சொந்தப் போலீஸ் துறை அமைக்கலாம் என்று அம்மாநிலச் சட்டமன்றம் 2011இல் சட்டம் போட்டது. இருபது வருடத்துக்கு மேல் வேன் ஓடிய ஊரின் பல்கலைக்கழகமும் அதைப் பயன்படுத்திப் போலீஸ் துறை அமைத்துக்கொண்டது. 2025 ஏப்ரலில் கஹூட்ஸ் யூஜீனில் நின்றுபோனது. நாடெங்கும் நகல் எடுக்கப்பட்ட மூலம், பணமும் ஒப்பந்தமும் இல்லாமல் போனது.

5

கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகம் 2021 ஆகஸ்டில் அறிவித்த பாதுகாப்புத் திட்டம் மனநல நெருக்கடிக்கு வேறுவகைக் குழுக்களை அனுப்பச் சொன்னது. பெர்க்கிலி, சாந்தா குரூஸ் போன்ற வளாகங்களில் குழுக்கள் வந்தன. இவற்றை வெறும் கண்துடைப்பு என்று ஒதுக்க நான் தயாராக இல்லை. நள்ளிரவில் கதவைத் தட்டுகிறவர் கையில் விலங்கு இல்லாதிருப்பது ஒரு கறுப்பின மாணவருக்கு உயிர் விஷயம். தத்துவம் பேசி அதை அற்பமாக்க நமக்கு உரிமை கிடையாது.

ஆனால் விளம்பரத் தாளில் இருக்கும் சிரித்த முகங்களை விட்டுவிட்டு நாலு கேள்வி கேட்கலாம். தொலைபேசியை எடுப்பது யார்? கையெழுத்துப் போடுவது யார்? மாணவர் அந்த இரவில் சொன்னது நாளைக்கு எந்தக் கோப்பில் இருக்கும்? சம்பளம் யாருடைய பட்ஜெட்டில்? நான்குக்கும் நிர்வாகம், போலீஸ் என்றே பதில் வந்தால், குழுத்தலைவர் எவ்வளவு நல்ல மனுஷராக இருந்தாலும் அவர் தூது போகிறவர்தான். இந்த நான்கில் ஒன்றையாவது மாணவர்கள் தங்கள் கைக்குக் கொண்டுவர முடிந்தால், அங்கிருந்து வேறொரு வரலாறு ஆரம்பிக்கலாம்.