ஆறு மணிக்கு ஒரு குருவி

என் ஆச்சிக்கு மணி தெரியாது, நாழிகைதான். விடியலில் தொடங்கி நாளொன்றுக்கு அறுபது நாழிகை. அந்தக் கணக்கில் சூரியன் எழும் வேளைக்கு ‘ஆறு’ என்ற பேச்சே வராது. ஆகவே விடியலில் சீழ்க்கையடிக்கும் இந்தப் பறவைக்கு ஆறுமணிக்குருவி என்ற பெயர் சுவர்க்கடிகாரமோ ஆலைச் சங்கோ ஊருக்குள் வந்த பிறகு வைத்ததாகத்தான் இருக்கவேண்டும். என் கணிப்பு இது.

வெள்ளைக்காரர்கள் வைத்த பெயர் இன்னும் வேடிக்கை. 1766இல் உயிரினங்களை வகைப்படுத்திய லின்னேயஸ் இதைக் காக்கையோடு சேர்த்து, ‘குட்டைவால் காக்கை’ என்று லத்தீனில் பெயரிட்டார். பச்சை முதுகு, தோளில் மினுங்கும் நீலம், வாலடியில் குங்குமச் சிவப்பு. இதைக் காக்கை என்று சொல்ல எப்படித்தான் மனம் வந்ததோ! 1816இல் பறவையியலாளர் வியேயோ ‘பிட்டா’ என்று தனிப் பேரினமாகப் பிரித்தார். தெலுங்கில் பிட்ட என்றால் குருவி, அவ்வளவுதான். ஆப்பிரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் இருக்கும் இதன் பங்காளிகளுக்கும் இன்று அந்தத் தெலுங்குச் சொல்லே பெயர்.

சென்னைப் படையில் மருத்துவராக இருந்த ஜெர்டன் இதை முதலில் பார்த்த இடம் காடல்ல, சென்னைப் பொது மருத்துவமனை! காற்றுக்குத் தாங்காமல் அங்கே ஒதுங்கியிருந்தது. நெல்லூரிலும் அப்படி ஒதுங்கியவை பல அவருக்கு உயிரோடு கிடைத்தன. கோடைத் தொடக்கத்து மேல்காற்று மலையிலிருந்து தள்ளிக்கொண்டு வருகிறது என்று 1860களில் எழுதினார். இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியக் காடுகளிலும் கூடு கட்டி, குளிர்காலத்துக்கு இலங்கை வரை வந்து திரும்பும் பறவை இது. வலசைக் களைப்பு என்று நாம் சொல்லிவிடுவோம்.

எங்கள் வீட்டுக்கு ஒன்று வந்தது ஓர் ஐப்பசியில். தென்காசிப் பக்கம், குற்றால மலை தெரிகிற ஊர். தொழுவத்து வைக்கோலில் கண் சொருகிக் கிடந்தது. கையை நீட்டினேன்.

“ஏலே, தொடாதல. மூச்சு வாங்குது பாரு.”

ஆச்சி பனநார்ப் பெட்டியைக் கவிழ்த்து மூடினாள். பொழுது சாயத் திறந்தபோது பறக்கவில்லை. தத்தித் தத்தி வாழைக்குள் போய்ச் சருகைப் புரட்டத் தொடங்கிவிட்டது.

மறுநாள் விடியலில் வாழைக்குள்ளிருந்து இரட்டைச் சீழ்க்கை. பாட்டு என்று சொல்ல முடியாது, இரண்டே சுரம். தாத்தா கடிகாரத்தைப் பார்த்தார். ஐந்தே முக்கால்.

“குருவி முந்திட்டு” என்றார்.

“கடிகாரம் பிந்திட்டு. முள்ளத் தள்ளி வையுங்க” என்றாள் ஆச்சி.

தாத்தா நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறினார்.