6 அடி அகலம், 11 அடி நீளம்: ஃபிராங்க்ஃபர்ட் சமையலறையின் கதை

இந்த எபிசோடை என் அறையிலிருந்து தொடங்குறேன். பத்துக்குப் பத்து அறை. போன மாசம் அதுல மாடுலர் அலமாரி போடலாம்னு முடிவு பண்ணி, டேப் எடுத்து நாலு சுவரையும் அளந்தேன். லேப்டாப்பில் பிளானும் போட்டாச்சு. ஒரு அங்குலம்கூட வீணாகலை. அம்மா வந்து திரையைப் பார்த்தாங்க. "எல்லாம் சரிடா, டிராயரை இழுத்தா நீ எங்க நிப்ப?"ன்னு கேட்டாங்க. கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவே நான் விட்டிருந்தது ஒன்றரை அடி. டிராயர் முழுசா வெளியே வந்தா அதுவே ஒன்றரை அடி.

சுவரை அளந்த நான் ஆளை அளக்கவில்லை. கிட்டத்தட்ட நூறு வருஷத்துக்கு முன்னாடி, ஆளை முதலில் அளந்து அதற்கப்புறம் அலமாரியை வரைந்த ஒரு பெண் இருந்தார். இன்னைக்கு நாம மாடுலர் கிச்சன்னு சொல்றதுக்கு முன்னோடி அவர் வரைந்ததுதான். பெயர் மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி. 1897-ல் வியன்னாவில் பிறந்தவர். ஆஸ்திரியாவில் கட்டடக்கலை படித்த முதல் பெண்களில் ஒருவர்.

முதல் உலகப்போர் முடிந்த ஜெர்மனியில் வீட்டுப் பஞ்சம். ஃபிராங்க்ஃபர்ட் நகராட்சி, எர்ன்ஸ்ட் மே என்ற கட்டடக்கலைஞரிடம் பொறுப்பைக் கொடுத்தது. நிறைய வீடுகள் வேணும், சீக்கிரம் வேணும், தொழிலாளர் கட்டக்கூடிய வாடகையில் வேணும். அப்படியானால் வீடு சின்னதாகத்தான் இருக்கும். 1926-ல் மே தன் குழுவுக்கு லிஹோட்ஸ்கியை அழைத்தார். சமையலறை அவர் கைக்கு வந்தது.

அதுவரை தொழிலாளர் வீட்டுல சமையலறைன்னா தனி அறை இல்லை. அடுப்பு எரிகிற ஒரே அறையில் சமையல், சாப்பாடு, துணி துவைப்பது, சில வீடுகளில் தூக்கமும் அங்கேயே. லிஹோட்ஸ்கி அதைப் பிரித்தார். சமையலுக்கு மட்டும் ஓர் அறை: 1.9 மீட்டர் அகலம், 3.4 மீட்டர் நீளம். நம்ம கணக்குல சுமார் 6 அடிக்கு 11 அடி.

இவ்வளவு சின்ன இடத்தை எப்படித் திட்டமிட்டார்? அமெரிக்காவில் கிறிஸ்டீன் ஃப்ரெடெரிக் என்பவர் தொழிற்சாலைகளில் செய்த நேரக் கணக்கை வீட்டு வேலைக்குக் கொண்டுவந்திருந்தார். பாத்திரம் இங்கே, அடுப்பு அங்கே என்றால் ஒரு நாளில் எத்தனை அடி வீணாக நடக்கிறோம் என்று கோடு போட்டுக் காட்டினார். அவருடைய புத்தகம் 1922-ல் ஜெர்மனில் வந்தது. லிஹோட்ஸ்கி அதைப் படித்தார். ஸ்டாப்வாட்ச் வைத்து ஒவ்வொரு வேலைக்கும் எவ்வளவு நேரம் ஆகிறது என்று கணக்கெடுத்தார். இன்னொரு முன்மாதிரி, ரயிலின் உணவுப் பெட்டி. ஒடுங்கிய இடத்தில் நின்றபடியே ரயில் முழுக்கச் சாப்பாடு போட முடிகிறதே, எப்படி?

இப்ப அந்தச் சமையலறைக்குள்ள போய்ப் பாருங்க. ஜன்னலுக்குக் கீழே வெளிச்சம் விழும் இடத்தில் நறுக்கும் மேடை, முன்னால் சுழலும் ஸ்டூல். மேடையிலேயே ஒரு திறப்பு, அடியில் குப்பை டிராயர்; தோலைத் தள்ளினால் போதும். இஸ்திரி பலகை சுவரோடு மடங்கிக்கொள்ளும். விளக்கு கூரைத் தண்டவாளத்தில் நகரும். அரிசிக்கும் சர்க்கரைக்கும் பெயர் பொறித்த அலுமினிய டிராயர்கள். உருவியெடுத்து அப்படியே பாத்திரத்தில் கொட்டலாம். மாவு டிராயர் மட்டும் ஓக் மரம், பூச்சி அண்டாது என்று. பெயின்ட் நீலப்பச்சை, அந்த நிறத்தில் ஈ உட்காராது என்று அன்றைக்கு நம்பினார்கள். பக்கத்து அறைக்கு ஒரு தள்ளு கதவு. சமைத்துக்கொண்டே குழந்தையைக் கவனிக்கலாம்.

எல்லாம் முன்கூட்டியே அளவு எடுத்துப் பெருமளவில் செய்யப்பட்டவை. செலவு வாடகையில் சேர்ந்துவிடும். சில வருஷங்களில் சுமார் 10,000 வீடுகளுக்கு இது போனது.

இதுவரை வெற்றிக் கதை. ஆனா குடிவந்தவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? அரிசி என்று எழுதிய டிராயரில் வேறு எதையாவது போட்டார்கள். கையெட்டும் உயரத்தில் இருந்த டிராயர்களைக் குழந்தைகள் இழுத்து விளையாடின. பழைய பெரிய அலமாரியோடு வந்தவர்களுக்கு அதை வைக்க இடமில்லை. இரண்டு பேர் சேர்ந்து சமைக்க முடியாது, இடிச்சுக்கணும். எல்லாப் பொருளுக்கும் இடம் குறித்தாகிவிட்டது. அந்த வீட்டுக்காரர்களின் பழக்கத்துக்கு இடம் இல்லை.

1970-களில் பெண்ணியவாதிகள் இதைவிடக் கடுமையாகக் கேட்டார்கள்: ஒருவர் மட்டும் நிற்கக்கூடிய அறையை வரைந்தால், அந்த ஒருவர் யார்? குடும்பம் பக்கத்து அறையில், அம்மா தனியாக இங்கே. லிஹோட்ஸ்கியின் நோக்கம் நேர் எதிரானது. பெண்கள் வேலைக்குப் போகிறார்கள், வீட்டு வேலை சீக்கிரம் முடிந்தால் அவர்களுக்கென்று நேரம் கிடைக்கும் என்பது அவர் எண்ணம். ஆனால் வேலையை யாரெல்லாம் பகிர்ந்துகொள்ளலாம் என்ற கேள்வி அந்த அளவுகளுக்குள் வரவில்லை. இன்னொரு விஷயம்: இதை வரைந்தபோது தனக்குச் சமைத்த அனுபவமே இல்லை என்று பின்னாளில் அவரே ஒப்புக்கொண்டார்.

அவர் வாழ்க்கை சமையலறையோடு முடியவில்லை. நாஜிகளுக்கு எதிரான ஆஸ்திரிய இயக்கத்தில் சேர்ந்தார். 1941-ல் வியன்னாவில் கைதானார். 15 ஆண்டு தண்டனை. 1945-ல் விடுதலை. கம்யூனிஸ்ட் என்பதால் சொந்த நாட்டிலேயே அரசு வேலைகள் அதிகம் வரவில்லை. 2000-ல், 103-வது பிறந்தநாளுக்கு 5 நாள் முன்பு இறந்தார். இத்தனைக்கும் பிறகு எல்லாரும் அந்தச் சமையலறையைப் பற்றி மட்டுமே கேட்கிறார்கள் என்பதில் அவருக்கு எரிச்சல் உண்டு. அந்தச் சமையலறைகளில் ஒன்று இன்று நியூயார்க்கின் நவீன கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

சரி, என் அறைக்கு வருவோம். பிளானை அழிச்சிட்டு, தரையில் டேப் ஒட்டி அலமாரியின் அளவைக் குறிச்சேன். மூணு நாள் அந்தக் கோட்டைத் தாண்டாம நடந்து பார்த்தேன். சட்டை மாத்தினேன், குனிஞ்சு செருப்பு எடுத்தேன். அப்புறம் அம்மாவையும் உள்ளே கூப்பிட்டு, ரெண்டு பேரும் ஒரே நேரத்தில் நிக்க முடியுதான்னு பார்த்தோம். கடைசியில் ஒரு அலமாரி குறைஞ்சது. ஒரு தட்டை எதுக்குன்னே முடிவு பண்ணாம காலியா விட்டிருக்கேன். கார்பென்டர், "இதுல என்ன சார் வைப்பீங்க?"ன்னு கேட்டார். தெரியலைன்னேன்.

நீங்களும் ஆர்டர் போடுறதுக்கு முன்னாடி தரையில் டேப் ஒட்டி, ஒரு நாள் நடந்து பாருங்க. கூட இருக்கிறவங்களையும் நடக்கச் சொல்லுங்க. அடுத்த எபிசோடில் பார்ப்போம்.