பட்டவராயன் பாதரட்சை

பொதிகைச் சாரலில், பாபநாசத்துக்கு மேலே காரையாற்றில் கோயில் கொண்டிருக்கும் சொரிமுத்து ஐயனாரை ஆடி அமாவாசையன்று தரிசித்து வந்தவர்கள், அங்கே பட்டவராயன் என்னும் பரிவார தேவதைக்குப் பக்தர்கள் தோற்செருப்புகளை ஜோடி ஜோடியாகக் காணிக்கை செலுத்துவதைப் பார்த்திருப்பார்கள். அவற்றைத் தெய்வமே அணிந்து காட்டில் உலவுகிறது என்றும், கட்டித் தொங்கவிட்ட செருப்புகள் நாளடைவில் அடி தேய்ந்து காணப்படுவது அதனால்தான் என்றும் பக்தர்கள் நம்புகிறார்கள். அந்தண குலத்தில் பிறந்தவனாகச் சொல்லப்படும் ஒருவனுக்குச் செருப்பு எப்படிக் காணிக்கையாயிற்று என்பதைத் திருநெல்வேலிச் சீமையின் வில்லுப்பாட்டு விரித்துரைக்கிறது.

ஆரியநாட்டு அந்தணச் சகோதரர்களுள் இளையவனும், பட்டவராயனாக வணங்கப்படுபவனுமான முத்துப்பட்டன், தமையன்மாரோடு பிணங்கிக் கொட்டாரக்கரை அரசனிடம் சேவகம் செய்து, பின்பு அவர்கள் அழைக்க ஊர் திரும்பும் வழியில், இம்மலைக்காட்டில் பொம்மக்கா, திம்மக்கா என்னும் அருந்ததியர் குலச் சகோதரிகளைக் கண்டு காதல் கொண்டான். அவர்களுடைய தந்தை வாலப்பகடை விதித்த நிபந்தனை எளிதானதன்று: குடுமியைக் களைய வேண்டும், பூணூலை அறுக்க வேண்டும், தோல் பதனிட்டுச் செருப்புத் தைக்க வேண்டும். அத்தனையும் செய்து அப்பெண்களை மணந்த பட்டன், மாமனாரின் மாட்டுக் கிடையைக் கவர வந்த கள்வரோடு பொருது, வஞ்சகமாகக் குத்தப்பட்டு மாண்டான். மனைவியர் இருவரும் தீப்பாய்ந்தனர்.

கோயில் கொடைகளில் இக்கதையைப் பாடும்போது, அண்ணாவி வீசுகோலால் வில்லின் நாணைத் தட்டிக் கதையை முன்னெடுத்துச் செல்ல, குடமும் உடுக்கையும் ஜாலராவும் உடன் முழங்கப் பக்கத்திலிருப்போர் அவர் அடியை வாங்கிப் பாடுவார்கள். இவ்வாறு வாய்மொழியாகவும் ஏட்டுச்சுவடியாகவும் வழங்கி வந்த இக்கதையை ஆராய்ந்தவர் நாங்குநேரியில் பிறந்த பேராசிரியர் நா. வானமாமலை; அவர் பதிப்பை மதுரைப் பல்கலைக்கழகம் 1971-இல் வெளியிட்டது.

கதையின் ஒரு பாடத்தில், அப்பெண்கள் பிறப்பால் அந்தணச் சிறுமிகள் என்றும், காட்டில் விடப்பட்ட குழந்தைகளை வாலப்பகடை எடுத்து வளர்த்தான் என்றும் ஒரு பூர்வ விருத்தாந்தம் காணப்படுகிறது. இது பிற்காலத்தார் செருகிய பகுதி என்பதே வானமாமலையின் முடிவு. எனக்கும் அதில் லவலேசமும் சந்தேகமில்லை. பெண்கள் அந்தணரே என்றால் கலப்பு மணம் என்ற உறுத்தல் நீங்கிவிடுகிறதென்பது வாஸ்தவம். ஆனால் குடுமியும் பூணூலும் போன காட்சிக்கும், இம்மணத்தைத் தடுக்கத் தமையன்மார் பாடுபட்டதாகக் கதை கூறுவதற்கும் பிறகு ஏது உயிர்? முன்கதையை மாற்றியவர்களாலும் நிபந்தனையை மாற்ற முடியவில்லை. ஏனெனில் அதற்குச் சாட்சியான செருப்பு ஆண்டுதோறும் சந்நிதியில் வந்து சேர்ந்துகொண்டே இருந்தது. ஏட்டுப் பாடங்கள் ஒன்றோடொன்று முரணும் இடத்தில், அக்காணிக்கையையே மூலபாடமாகக் கொள்வது நியாயம் என்பது என் அபிப்பிராயம்.

இனிக் காலம். பட்டன் சேவகம் செய்ததாகப் பாட்டுக் கூறும் கொட்டாரக்கரை, இளையிடத்து ஸ்வரூபம் என்ற தனியரசின் தலைநகராக விளங்கி, 1740-களில் மார்த்தாண்ட வர்மரால் திருவிதாங்கூரோடு சேர்க்கப்பட்டது. அங்கே ஓர் அரசன் இருந்ததைச் சர்வசாதாரணமாகச் சொல்லிப் போகும் இக்கதை, அந்த அரசு மறைவதற்கு முன்னரே கருக்கொண்டிருக்க வேண்டும் என்று கொள்ள இடமுண்டு.